கொடியில் காய்ந்த சட்டைகள்

அத்தியாயம் பதினொன்று

"அம்மா, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு என்ன சைஸ்?"

கட்டார் விமான நிலையத்தில், பிள்ளைகளின் உடுப்பும் விளையாட்டுச் சாமானும் விற்கும் கடைக்குள் நின்று தனுஷிகா கேட்ட கேள்வி அது. ஏழு வயதுப் பிள்ளை. தன் பெருவிரலில்கூட நுழைக்க முடியாத ஒரு சோடிக் காலுறையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்.

தாய் ஜெயரூபி கடிகாரத்தைப் பார்த்தாள். கொழும்பு விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். இருந்தவற்றில் மிகச் சின்னச் சட்டைகள் மூன்றையும், தொட்டிலுக்கு மேலே கட்டினால் சுற்றிச் சுற்றிப் பாடும் பொம்மை மீன்களையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மகளை இழுத்தபடி ஓடினாள்.

அந்தப் பை இப்போது சல்லி என்ற கடலோர ஊரில், தம்பி ரஞ்சனின் வீட்டு உள்ளறையில், சூட்கேசின் அடியில் கிடக்கிறது. வந்த அன்றே அவள் அதை ஆசையோடு நீட்டியதையும், ஏழு மாத வயிற்றோடு நின்ற தம்பி மனைவி பிரியங்கினி கையை நீட்டாமல், "அதை உள்ளுக்கே வையுங்கோ மச்சாள்" என்று சொல்லிவிட்டுக் அடுப்படிக்குள் போனதையும் சென்ற வாரம் பார்த்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களுக்கும் இடையில் பேச்சு இருந்தது. மனம்விட்ட கதை இருக்கவில்லை. சாப்பிட்டாச்சா, குளிச்சாச்சா, ஃபானைப் போடட்டா என்பதோடு சரி.

ஜெயரூபி பத்து வருடத்துக்குப் பிறகு நோர்வேயில் இருந்து ஊருக்கு வந்திருக்கிறாள். தம்பியின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அவன் மனைவியை இத்தனை நாளும் தொலைபேசித் திரையில்தான் கண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் பிரியங்கினிக்குப் பிறந்த முதற்பிள்ளை ஒரு பகல்கூட நிற்காமல் போனபோது, அவளால் அங்கே பேர்கன் நகரில் இருந்துகொண்டு அழத்தான் முடிந்தது. இப்போது அடுத்த பிள்ளை பிறக்கும்போதும் அவள் இங்கே இருக்கமாட்டாள்.

பிறக்க முதல் பிள்ளைக்கு ஒன்றும் வாங்குவதில்லை என்ற வழக்கம் அவளுக்கு மறந்துபோகவில்லை. தூரத்தில் இருந்து வருகிறவளுக்கு அது கொஞ்சம் வழிவிடும் என்று நினைத்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் செய்கிற பிழைதான். ஊரின் நம்பிக்கைகளையும் லீவு நாட்களுக்குத் தக்கபடி மடித்துப் பெட்டிக்குள் வைக்கப் பார்ப்பார்கள்.

ஆனாலும் ஒரு சின்னச் சட்டைக்காக ஒருத்தி இவ்வளவு நாள் முகத்தைத் திருப்புவாளா? வேறு ஏதோ இருக்கிறது. என்னவென்று அறிய அவள் மனம் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. ரஞ்சன் கடலுக்குப் போய் வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு தேத்தண்ணியோடு கதிரையில் இருந்தான். தனுஷிகா அவன் முன்னால் வந்து முதுகைக் காட்டினாள்.

"மாமா, இஞ்ச பாருங்கோ. எனக்குச் செதில் முளைக்குது."

"அப்பிடியோ? வாலும் முளைச்சா உடன சொல்லு. வலையோட வாறன்."

பிரியங்கினி கிட்ட வந்து பிள்ளையின் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்தாள். முதுகு முழுக்கச் சிவந்திருந்தது.

"வேர்க்குரு. ஐயோ, பிள்ளை சொல்லாமத் திரிஞ்சிருக்கு. மச்சாள், இந்தத் துணி வேர்வையை வெளியில விடாது. குளிருக்குத் தைச்சதெல்லே. டவுனுக்குப் போய் ரெண்டு பருத்திச் சட்டை எடுப்பம். நானும் வாறன்."

ஜெயரூபி நிமிர்ந்து பார்த்தாள். வந்த நாளில் இருந்து பிரியங்கினி தானாக முன்வந்த முதல் விசயம் அது.

"உமக்கு அலைச்சல் இல்லையே?"

"வீட்டிலயே இருந்து கால் வீங்குது." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "வினோஜனை ஓட்டோவைக் கொண்டரச் சொல்லுங்கோப்பா."

ரஞ்சன் தொலைபேசியை எடுக்கும்போதே அது அடித்தது. கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு வைத்தான்.

"நிலாவெளியில இருந்து சீதேவிப் பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட வரட்டாம் அக்கா. நண்டுக்கறியாம். பேரப்பிள்ளையளும் நிக்கினமாம், தனுஷிகா விளையாடலாமாம்."

"நீங்கள் போட்டு வாங்கோ," என்றாள் பிரியங்கினி. "எனக்கு அவ்வளவு தூரம் ஏலாது."

"கேட்டியளே அக்கா? டவுனுக்கு ஏலுமாம், நிலாவெளிக்கு ஏலாதாம்! நிலாவெளி அதைவிடக் கிட்ட!"

அவன் ஒருவன்தான் சிரித்தான். பிரியங்கினி குனிந்து, பிள்ளையின் முதுகில் சந்தனம் தடவத் தொடங்கினாள்.

ஓட்டோவில் தனுஷிகா வாய் மூடவில்லை. ஓட்டோவுக்கு ஏன் கதவு இல்லை? சாமிப் படத்துக்கு முன்னால் ஏன் லைற் பூட்டியிருக்கு? சாமிக்கு இருட்டெண்டா பயமா?

"சாமிக்குப் பயமில்லை," என்றான் வினோஜன். "என்ர ஓட்டத்தைப் பாத்துத்தான் பயம். அதுதான் கண்ணை முழிச்சுக்கொண்டு வாறார்."

சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. பிரியங்கினி ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் பிள்ளையின் தோளையும் பிடித்திருந்தாள். அந்தக் கையை ஜெயரூபி கவனித்தாள். கோபக்காரியின் கை அப்படிப் பிடிக்காது.

மத்திய வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சின்னத் தெருவில் ஜவ்பரின் பிள்ளைகள் உடுப்புக் கடை. வாசலில் காலி மட்டைப்பெட்டிகள். அவற்றில் ஒன்றை இரண்டு புள்ளிமான்கள் நின்று நிதானமாய் மென்றுகொண்டிருந்தன.

"அம்மா! மான் கடைக்கு வந்திருக்கு!"

"அதுகளும் கஸ்டமர்தான் புள்ள," என்றார் உள்ளே இருந்த ஜவ்பர். "ஒண்டும் வாங்காது. எல்லாத்தையும் வடிவாப் பாத்துட்டுப் போயிடும். வாங்க, வாங்க."

பிரியங்கினி படி ஏறவில்லை. வாசலில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையை நிழலுக்கு இழுத்து இருந்துகொண்டாள்.

"உள்ளுக்கு ஃபான் இருக்கு. வாருமன்."

"இல்லை மச்சாள், இஞ்ச காத்து வருது."

ஓர் இலைகூட அசையவில்லை. ஜெயரூபி திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டாள். கடையின் வாசலோடு, வலது பக்கம் முழுக்க, கைக்குழந்தைச் சாமான்கள் தொங்கின. தொப்பிகள், கையுறைகள், குழந்தையை மூடும் சின்ன வலைக்கூடுகள். பிரியங்கினியின் கதிரை தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

உள்ளே ஜவ்பர் மேசை முழுக்கச் சட்டைகளைக் குவித்துவிட்டார். மினுக்கம் வைத்தது, சரிகை வைத்தது, முதுகில் வண்ணத்துப்பூச்சிச் செட்டை வைத்தது.

"வெளிநாட்டுப் புள்ளைக்கு இதுதான் எடுப்பு, தங்கச்சி."

"பருத்தி இல்லையே, ஜவ்பர் நானா? உடம்பெல்லாம் வேர்க்குரு."

"ஆங், அப்ப சரி. வடிவெல்லாம் உள்ளுக்குப் போகட்டும்." குவித்ததை எல்லாம் ஒரே அள்ளாய் அள்ளினார்.

தனுஷிகா விளையாட்டுச் சாமான் தட்டை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பேர்கனில் இருக்கும் தோழிக்கு இந்த ஊர்ச் சாமான் ஒன்று கொண்டுபோக வேண்டும். ஆனால் இங்கே இருந்த யானை பேர்கனிலும் இருந்தது. பொம்மை அடுப்பும் இருந்தது. சாவி கொடுத்தால் துள்ளும் தவளையும் இருந்தது.

"அம்மா, எல்லாம் எங்கட கடையில இருக்கிறதுதான். ஏன் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"நல்ல கேள்வி," என்றார் ஜவ்பர். "உங்கட சட்டை எங்க செஞ்சது எண்டு பாருங்க."

தனுஷிகா கழுத்தை வளைத்துக் குனிய, ஜெயரூபி பட்டியில் தைத்திருந்த துண்டை வாசித்துக் காட்டினாள். இலங்கையில் தைத்தது.

தனுஷிகாவின் கண் விரிந்தது. "அப்ப என்ர சட்டை இஞ்ச பிறந்ததா?"

"ஓ! வெளிநாடு போய், ஊரைப் பாக்க லீவுல வந்திரிக்கு. அம்மாவைப் போல."

ஜெயரூபிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் பிள்ளை வேறொன்றைக் கண்டுவிட்டாள். மூலையில் அடுக்கியிருந்த வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகள். காலையில் வீதி நிறைய வெள்ளையாய் நடந்துபோன பிள்ளைகளை அவள் நாலைந்து நாளாய் வீட்டு வாசற்படலையில் நின்று பார்த்திருந்தாள்.

"எனக்கு அதுதான் வேணும்."

"அது ஸ்கூல் சட்டை. எந்த ஸ்கூல் நீங்க?"

"பேர்கன்."

ஜவ்பர் யோசிப்பதுபோல் தாடியைத் தடவினார். "அங்க வெள்ளை போட விடுவாங்களா?"

"விடமாட்டினம். பனியும் வெள்ளை, நானும் வெள்ளை எண்டா என்னைத் துலைச்சுப்போடுவினம்."

பருத்தியாய் இருந்ததால் ஜெயரூபி சம்மதித்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் பிள்ளையின் பழைய சட்டையையும் உள்சட்டையையும் கழற்றினாள். உள்சட்டை மட்டும் நல்ல பருத்தி. எத்தனையோ தரம் தோய்த்துத் தோய்த்து, பூவிதழ்போல் மெலிந்திருந்தது. கைகளுக்குள் இறுக்கமாகிவிட்டதால் அதையும் ஒதுக்கி வைத்தாள்.

வெள்ளைச் சட்டையில் தனுஷிகா வெளியே வந்தபோது, ஜவ்பர் தொப்பியை வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "ஜும்மாவுக்கு நேரமாச்சு. பரீதா! கடையைப் பாத்துக்க."

பின்வீட்டில் இருந்து அவருடைய மனைவி வந்தார்; சித்தி பரீதா என்பது முழுப்பெயர். முந்தானையால் கையைத் துடைத்தபடி முதலில் வாசலுக்குத்தான் போனார்.

"வெயிலுக்குள்ள இரிந்து என்ன தவமா புள்ள? எழும்புங்க."

"இல்லைப் பரீதாக்கா..."

"என்ன இல்ல? எழும்புங்க எண்டா எழும்பணும்."

தோளில் கை போட்டு, கைக்குழந்தைச் சாமான் பக்கம் தன் உடம்பால் மறைத்துக்கொண்டே பிரியங்கினியை உள்ளே கொண்டுவந்து, பந்துகளும் பொம்மைகளும் இருந்த பக்கம் இருத்தினார். கடைக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டார். தேசிக்காய்த் தண்ணி வந்தது. செய்கிறோம் என்று காட்டாமலே செய்யப்பட்ட அந்த மறைப்பை ஜெயரூபி பார்த்துக்கொண்டு நின்றாள். கடவுள் சிலருடைய தோளையும் முந்தானையையும்கூடத் தம் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்.

"இது யார்ர புள்ள? எந்தப் பள்ளிக்கூடம்?"

"மச்சாளின்ர மகள். நோர்வே," என்றாள் பிரியங்கினி.

சித்தி பரீதாவின் கைக் குவளை நின்றது. "நோர்வேப் புள்ளையா? எங்கட இல்ஹாம்ட சட்டை போட்ட புள்ளையா இது!"

பிரியங்கினி வேண்டாம் என்பதுபோல் பார்த்தாள். பிந்திவிட்டது.

"நான் ஒருத்தரின்ர சட்டையும் போடேல்லை," என்றாள் தனுஷிகா கொஞ்சம் ரோசத்தோடு. "இது புதுசு."

"வாங்கோ அம்மாச்சி, பின்னுக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வருவம்." பிரியங்கினி எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயரூபி கிட்ட வந்தாள். "பரீதாக்கா, என்ன சட்டை?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு மஞ்சள் சட்டை வந்தது. பிள்ளை பிறக்கக் கொஞ்சம் முந்தி, ஊரால வந்த ஒருத்தர் கொண்டுவந்து தந்தவர். முதல் முதல் இதைத்தான் போடவேணும் எண்டு தம்பி சொன்னவன். ஆஸ்பத்திரியில அதைத்தான் போட்டனான். ஆற்றயெண்டு... நான் கேக்கவே இல்லை."

சித்தி பரீதா கதிரையில் இருந்துகொண்டார்.

"நல்ல மழை நாள் மகள். கலியாணம் முடிஞ்சு இஞ்ச வந்த புதுசு இவள். இலங்கைத்துறையில இருந்து வந்த புள்ள, இந்த ஊருக்குள்ள ஒருத்தரையும் பழக்கமில்ல. எனக்கும் ஆரெண்டு தெரியாது. நனைஞ்சு வந்து நிண்டு, ஒரு பழைய சட்டை தருவீங்களா எண்டு கேக்காள். கையேந்த வந்தவளாக்கும் எண்டு நினைச்சன். 'மச்சாளுக்குப் புள்ள கிடைக்கப்போகுது. சுகமா வளர்ற புள்ளைட பழைய சட்டைதான் முதல்ல மேல படணும். அந்தக் குளிர் தேசத்துல அதைக் குடுக்க அவக்கு ஒருத்தருமில்ல' எண்டாள். எங்கட பேரன் இல்ஹாம் அப்ப கொழுக்கட்டை மாதிரி என்ட மடியில. அவன்ட மேல கிடந்த சட்டையைக் கழட்டி அப்படியே குடுத்தன். சைஸ் பெருசெண்டு சொன்னன். மேல பட்டாக் காணும் எண்டு நெஞ்சோட பொத்திக்கொண்டு போனாள்."

ஜெயரூபிக்குக் கண் நிறைந்தது. அன்றைக்குத் திரையில்கூட முகம் கண்டிராத ஒரு மச்சாளுக்காக, புது மணப்பெண் ஒருத்தி மழையில் போய்க் கேட்டிருக்கிறாள். ஏழு வருடமாய் அதை ஒரு வார்த்தையாகவும் சொல்லவில்லை.

"இப்ப அவளுக்கு ஒரு சட்டை பாத்தாச்சோ எண்டு போன மாசம் கேட்டன்," என்றார் சித்தி பரீதா. "ஓம் எண்டாள். ஆனா முகம் அப்படிச் சொல்லல்ல. கேக்காம நான் எப்படி மகள் நீட்டுறது? நொந்துபோகும்."

பின்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். சித்தி பரீதா வாங்கிய சட்டைகளைப் பையில் போட்டு, கழற்றிய உடுப்புகளைப் பேப்பரில் சுற்றித் தனியாய்க் கொடுத்தார். தனுஷிகா கேட்டதற்கு, பேர்கன் தோழிக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் கட்டும் ஒரு சோடி வெள்ளை ரிபனையும் வைத்தார். தட்டு முழுக்கத் தேடியும் கிடைக்காத இந்த ஊர்ச் சாமான் தனுஷிகாவுக்கு அதில் கிடைத்துவிட்டது.

வினோஜன் சாப்பிடப் போயிருந்தான். மூவரும் கடற்கரையோரம் ஒரு மரநிழலில் காத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு மான் படுத்திருந்தது. தனுஷிகா அதைப் பார்ப்பாள், பிரியங்கினியின் வயிற்றைப் பார்ப்பாள், திரும்ப மானைப் பார்ப்பாள்.

"மாமி, உங்கட பேபிக்கு ஆற்ற பழைய சட்டை?"

பின்பக்கம் நின்றபடியே எல்லாம் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளின் காதுக்குத் திரைச்சீலை கிடையாது.

பெரியவர்களுக்குச் சொன்ன பதிலை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லப் பிரியங்கினியால் முடியவில்லை.

"இன்னும் கிடைக்கேல்லை அம்மாச்சி."

"தேடினீங்களா?"

"தேடுறன்."

அந்தப் பதில் போதுமாய் இருந்தது. பிள்ளை மானின் புள்ளிகளை எண்ணப் போய்விட்டாள்.

ஜெயரூபி மெதுவாய்க் கேட்டாள். "பரீதாக்காவிட்டக் கிடைச்சிட்டுதெண்டு சொன்னனீராம்."

"சொன்னனான்."

"ஏன்? அவ இல்லையெண்டு சொல்லமாட்டாவே."

"சொல்லமாட்டா." பிரியங்கினி கடலைப் பார்த்தாள். மூதூர்ப் பக்கம் தூரத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. "ஒரு வீட்டில கேட்டனான் மச்சாள். நெருங்கின வீடுதான். 'இப்ப ஒண்டும் இல்லை, தேடிப் பாத்துச் சொல்லுறன்' எண்டிச்சினம். கொடியில ஏழெட்டுச் சின்னச் சட்டை காயுது. அவையும் அதைப் பாக்கினம், நானும் பாக்கிறன். பிறகு அவ போய்க் கொடிக்கு முன்னால நிண்டுகொண்டா. மறைக்கிறாவாம்."

ஜெயரூபி அவள் பக்கம் நகர்ந்து இருந்தாள்.

"குற்றம் சொல்லேலாது. ஒண்டைப் பறிகுடுத்தவள் எல்லே நான். தங்கட பிள்ளைக்கும் ஏதும் வந்திடுமெண்டு பயந்திருப்பினம். நானெண்டாலும் பயந்திருப்பன். அதுக்குப் பிறகு எனக்கு ஆரிட்டயும் கேக்க ஏலாமப்போச்சு. பரீதாக்கா தருவா. ஆனா தரேக்க அவவின்ர கையும் ஒருக்கா நடுங்கினா? அதை நான் கண்டிட்டனெண்டா? பிறகு அந்தச் சட்டையை என்னெண்டு பிள்ளைக்குப் போடுறது?"

"எந்த வீடு பிரியங்கினி?"

 அவள் அதை விட்டு வேறு ஒன்றைச் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்கள் பையை நீட்டேக்க எனக்குக் கோவம் வரேல்லை. பயம்தான் வந்தது. போன தரம் நான்தான் ஆசை பொறுக்கேலாம ஒரு தொப்பி வாங்கி வைச்சனான். இவருக்கும் தெரியாது."

ஜெயரூபி அவள் கையைப் பிடித்தாள். "பயமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"வந்த அண்டைக்கே என்னெண்டு சொல்லுறது? நீங்கள் எனக்குப் புது ஆளெல்லே."

"நீரும் எனக்குப் புது ஆள்தான்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் கொஞ்சம் வந்ததை, ஓட்டோவோடு வந்த வினோஜன் வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

என்ர பிள்ளையின் சட்டையைத் தாறன் என்று ஜெயரூபியின் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அவள் சொல்லவில்லை. சொன்னால் நீட்டவேண்டும். நீட்டினால் அந்தக் கண்கள் முகத்தைப் பார்க்காது. கையைத்தான் பார்க்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் அழுக்கு உடுப்புகளோடு சேர்த்து அந்த மெல்லிய உள்சட்டையையும் கிணற்றடியில் தோய்த்தாள். இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசினாள். கொடியில் அது மற்ற உடுப்புகளுக்கு நடுவே கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் குறிப்பாகக் கவனிக்கவில்லை.

பின்னேரம் பிரியங்கினி அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டாள். வெள்ளைச் சட்டையைக் கழற்ற மறுத்த தனுஷிகாவும் கூடப் போனாள்.

"மாமி, அம்மனுக்கும் உடுப்பு மாத்துவினமா? அதை ஆர் வாங்குறது?"

"வாங்கோ, ஐயரிட்டக் கேப்பம்."

"ஐயருக்குத் தெரியாட்டி?"

"அப்ப அம்மனிட்டயே கேப்பம்."

படலைக்கு வெளியிலும் கேள்விகள் கேட்டுக்கொண்டே போயின. ரஞ்சன் கரையில் படகு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் ஜெயரூபி மட்டும்.

கொடியில் இருந்து சட்டையை எடுத்தாள். வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது. மடியில் வைத்து மடித்து, உள்ளறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள்.

பிரியங்கினியின் தட்டில் சேலைகள் ஒரு பக்கம். மறு பக்கம், பழைய நூல்சேலைகளைக் கிழித்து, அவித்துத் தோய்த்து, சதுரம் சதுரமாய் மடித்து அடுக்கிய துணிகள். வரப்போகிற பிள்ளைக்கு அவள் துணிந்து சேர்த்தது அவ்வளவும்தான். அவற்றுக்கு மேலே கொஞ்சம் இடம் வெறுமையாய் இருந்தது.

ஜெயரூபி சட்டையை அந்த இடத்துக்கு நேரே கொண்டுபோனாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கை நடுங்கியது.

அவளுக்கு இருப்பது ஒரேயொரு பிள்ளை. காய்ச்சல் என்றாலே இரவிரவாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள். படித்திருக்கிறாள், வெளிநாட்டில் வேலை செய்கிறாள், இதெல்லாம் ஒன்றுமில்லை என்று வாதாடவும் தெரியும். வாதாடிப் பார்த்தாள். கை கேட்கவில்லை. எந்த வீடு என்று பிரியங்கினி இன்னும் சொல்லவில்லை. ஆனால் கொடிக்கு முன்னால் போய் நின்ற அந்தப் பெண்ணின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று ஜெயரூபிக்கு இப்போது தெரிந்தது. அவள்மேல் மத்தியானம் முழுக்க வைத்திருந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

கோயில் மணி கேட்டது. ஜெயரூபி கண்ணை மூடினாள்.

'அம்மா தாயே, ரெண்டும் உன்ர பிள்ளையள்.'

வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. சட்டையைத் துணிகளுக்கு மேல் வைத்தாள். சின்னக் கைகள் இரண்டையும் விரித்து, சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள்.

அலுமாரிக் கதவைச் சாத்தும்போதும் அவள் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்க அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.